ஏறும் ரோசா

கொடி என்று சொன்னால் இன்னாசி அண்ணனுக்குப் பிடிக்காது.
கொடிக்குப் பற்றிக்கொள்ளச் சுருள் உண்டு.
இதற்கு முள் மட்டும்தான்,
கீழ்நோக்கி வளைந்த தூண்டில் முள்.
கொளுவும், சாயும், பெருங்காற்றில் கழன்றுவிடும்.
யாராவது கட்டிவிட்டால்தான் சுவர் ஏறும்.
அறுந்த நைலான் வலையைப் பிரித்து
முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டவர் அவர்.

பாம்பன் தெற்குவாடி, சீனி நெய்னா ஐஸ் கம்பெனி,
கடலைப் பார்த்த சுவர்.
கொடைக்கானலில் மீன் இறக்கிவிட்டு
வெறுமனே திரும்பிய லாரியில்
ஈரச் சாக்கு சுற்றி வந்த குச்சி.
பேர் என்னவென்று டிரைவரைக் கேட்டோம்.
"பழைய பங்களா முகப்புல நின்னது. இப்ப யாரும் வைக்கிறதில்ல.
பேர் தெரியாது. ஏறும்."

எங்கள் பக்கம் தோண்டினால் உப்பு.
ஐஸ் மட்டும் நல்ல தண்ணியில்,
லாரியில் வந்து இறங்குகிற தண்ணியில்.
பார் பாராகச் சறுக்குகையில் உருகி வழிந்தது
சாக்கடைக்குப் போகிற வழியில்
அதன் வேரை நனைத்துவிட்டுப் போனது.
நாலாம் வருஷம் கண்டென்சர் பைப்பைத் தொட்டுவிட்டது.

விடியலில் பூத்தால்
பிடித்துப் போட்ட மீனின் செவுள் நிறம்.
மதியத்துக்குள் வெளிறும்.
பொழுதுசாய, யாரும் விலை கேட்காத நிறம்.
"காலையில எக்ஸ்போர்ட்டு, சாயங்காலம் கருவாடு"
என்றார் ஏலம் கூறுகிற கெபிஸ்டன்.
கழுத்து மெலிசு, கொண்டையில் நிற்காது.
தலை கவிழ்ந்தே பூக்கும்,
கீழே சுமை தூக்குகிறவனுக்குத்தான் முகம் தெரியும்.
வாசம் உண்டா என்று எவரும் கேட்டதில்லை.
அம்மோனியாவுக்குள் எதை முகர?

சித்திரை இரண்டு. தடைக்காலம்.
அறுபத்தொரு நாள்.
கம்ப்ரெசர் நின்றது.
சுவரின் நடுக்கம் நின்றது.
சொட்டு நின்றது.

நான் எமரிட்டா, கணக்கு எழுதுகிறவள்.
வரவில்லாத நோட்டில் தினம் ஒரு வரி எழுதினேன்:
ஒரு குடம், பன்னிரண்டு ரூபாய், சில்லறைச் செலவு.
ஒரு குடம் அதற்கு எம்மாத்திரம்?
கச்சான் காற்று மணலை வாரி அறைந்தது.
இலையெல்லாம் கொட்டிற்று.
இனி விறகு என்று நினைத்த வாரம்
அடி முதல் நுனி வரை பூத்துத் தொலைத்தது.

அன்றுதான் வாசம் வந்தது.
மிஷின் இல்லாத தெருவில் நடந்து போனது.
காரல் காயப்போட்ட பிரிஞ்சித்தா நிமிர்ந்து
"எந்த வீட்டுல விசேஷம்?" என்றாள்.

இன்னாசி அண்ணன் ஏணியில் நின்றார்.
இருபத்தெட்டு வருஷம் கம்ப்ரெசர் அறையில்.
மீன் கெட்டுவிட்டதா என்று
பெண்சாதியைக் கேட்டுத்தான் சாப்பிடுவார்.
ஒரு பூவை மூக்கோடு அழுத்தி இழுத்தார்.
இன்னொரு தரம் இழுத்தார்.
"எப்படி இருக்கு?"

ரோசா மாதிரி இல்லை என்றேன்.
சிரித்தார்.
மாலைக்குக் கட்டுகிற பன்னீர் ரோசா மாதிரி இல்லை,
வேறு...
புது டீத்தூள் பொட்டலத்தைப் பிரித்ததும் வருமே,
வெந்நீர் ஊற்றுவதற்கு முன்னால்.

கண்ணை மூடிக்கொண்டு ஏணியில் கொஞ்ச நேரம் நின்றார்.
"முன்னாடி ராத்திரி ஷிப்டுக்கு நான்தான் டீ போடுவேன்."
"ம்."
"அதுவா?"
"அதுதான்."
ஒரு முடிச்சை அவிழ்த்துத்
தண்டு பெருக்க இடம் விட்டுக் கட்டினார்.

ஆனி ஒன்று. மிஷின் ஓடியது.
அம்மோனியா வந்து தெருவை வாங்கிக்கொண்டது.
சுவர் நடுங்க நடுங்க இதழ் உதிர்ந்தது.
முதல் பாரில் ஒட்டிய நாலைந்து
ஐஸோடு நொறுங்கி
ஏதோ படகின் பெட்டியில் கடலுக்குப் போயின.

நெய்னா நோட்டைப் புரட்டினார்.
"சில்லறைச் செலவு எழுநூத்தி முப்பத்திரெண்டா?"
"தண்ணி."
"மிஷினே ஓடலையேம்மா."
ஜன்னலுக்கு வெளியே கை காட்டினேன்.
எட்டி அண்ணாந்து பார்த்தார்.
"பைப்பத் தொடாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு
சில்லறையை அடித்தார்.
மேலே எழுதினார்: பராமரிப்பு.